ஒண்டக் கிடைத்த இடம்: சிறிய வீட்டைப் பற்றிய நெடிய விவாதம்

திருக்கோவலூரில் ஒரு மழை இரவு. ஒதுங்க இடம் தேடி வந்த பொய்கையாழ்வார் ஓர் இடைகழியில் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்டதும், ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் உட்காரலாம் என்று எழுந்து உட்கார்ந்தார். பேயாழ்வாரும் வந்து சேர்ந்தபோது, இருவர் உட்காரும் இடத்தில் மூவர் நிற்கலாம் என்று மூவரும் நின்றார்கள். நான்காவதாக இன்னொருவரும் வந்து நெருக்கினார் என்று வைணவ மரபு சொல்லும். பக்தி வரலாற்றில் இந்தக் கதைக்குள்ள பொருள் வேறு. வீட்டைப் பற்றி யோசிக்கிறவருக்கோ இதில் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. இடத்தை அடிக்கணக்கில் அளக்காமல், உடம்பு அங்கே என்ன செய்ய முடியும் என்று அளக்கிறது இந்தக் கதை. கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு. மழை விட்டால் கிளம்பிவிடலாம்.

அதே இடத்தில் ஒரு குடும்பம் முப்பது வருடம் இருக்க வேண்டுமென்றால் என்ன ஆகும்? வீடு எவ்வளவு சிறியதாக இருக்கலாம், எந்த இடத்தில் அது வீடு என்ற பெயரை இழக்கிறது என்ற கேள்விக்குத் துறவிகளும் கட்டடக் கலைஞர்களும் சுகாதார அதிகாரிகளும் மனை வணிகர்களும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதில்கள் எங்கிருந்து பிறந்தன, எங்கே பலவீனப்படுகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 37 சதவீதம் ஒற்றை அறையில் வாழ்ந்தன. ஏறத்தாழ 4 சதவீதக் குடும்பங்களுக்குத் தமக்கென்று ஓர் அறைகூட இல்லை. ஆகவே நமக்கு இது வெறும் ரசனை பற்றிய கேள்வியாக இருக்க முடியாது.

விரும்பிக் குறைத்தவர்கள்

சிறிய வீட்டைப் புகழ்ந்த எழுத்துகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று, ஜப்பானியத் துறவி கமோ நோ சோமேய் 1212இல் எழுதிய ‘ஹோஜோகி’. கியோத்தோ நகரம் தீயாலும் சூறாவளியாலும் பஞ்சத்தாலும் நிலநடுக்கத்தாலும் அடுத்தடுத்துச் சிதைந்ததைப் பார்த்தவர் அவர். அறுபதை நெருங்கும் வயதில் மலையடிவாரத்தில் பத்தடிக்குப் பத்தடியில் ஒரு குடில் போட்டுக்கொண்டார். உயரம் ஏழடிகூட இல்லை. மூட்டுகளைக் கொக்கிகளால் பிணைத்திருந்தார். இடம் பிடிக்காவிட்டால் கழற்றி இரண்டு வண்டிகளில் ஏற்றிப் போய்விடலாம். பெரிய வீட்டைக் கட்டி, அது எரிவதைப் பார்த்துத் துடிப்பதைவிட, இழக்க ஒன்றுமில்லாத வீட்டில் இருப்பது நிம்மதி என்பது அவர் வாதம். ஆனால் நூலின் முடிவில், இந்தக் குடிலின் மேல் வைத்த பிரியமும் ஒரு பற்றுதானே என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். இந்த மரபில் இவ்வளவு நேர்மையான தன்விசாரணை பிறகு அபூர்வமாகவே வந்திருக்கிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1845ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று வால்டன் குளக்கரையில் குடியேறிய ஹென்றி டேவிட் தோரோவின் வீடு பத்தடிக்குப் பதினைந்தடி. செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று பைசா சுத்தமாகக் கணக்கு எழுதி வைத்தார். மனிதர்கள் வீட்டைச் சொந்தமாக்கவில்லை, வீடுதான் அவர்களைச் சொந்தமாக்கிவிட்டது என்ற அவருடைய எண்ணம் இன்றைய சிறுவீட்டு இயக்கத்துக்கு மூலமந்திரம் போல ஆகிவிட்டது.

அந்தக் கணக்கில் பலகைக்கான வரியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பலகைகளில் பெரும்பகுதி ஜேம்ஸ் காலின்ஸ் என்ற அயர்லாந்துத் தொழிலாளியின் குடிசையிலிருந்து வந்தவை. ரயில்பாதை வேலைக்கு வந்திருந்த அவர், நாலே கால் டாலருக்குத் தன் குடிசையை விற்றார். மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்கு, மூட்டை முடிச்சோடு அந்தக் குடும்பம் எதிரே நடந்துபோவதைத் தோரோ பார்க்கிறார். பிறகு ஆணிகளைப் பிடுங்கிப் பலகைகளைப் பிரித்து, வெயிலில் காயவைத்து, தன் வீட்டைக் கட்டுகிறார். ஒரே பலகைகள்தாம். வேறு வழியில்லாமல் வாழ்ந்த குடும்பத்துக்கு அவை குடிசை. வேண்டுமென்றே வாழ வந்தவருக்கு அவை சுதந்திரம். அவர் கட்டிய நிலம் நண்பர் எமர்சனுடையது. சொந்த ஊரான கான்கார்டு நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. இரண்டு வருடம் இரண்டு மாதம் கழித்து அவர் திரும்பிப் போனார். காலின்ஸ் குடும்பம் அடுத்து எங்கே தங்கியது என்பது நூலில் இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்த மரபு அமெரிக்காவில் மறுபடி உயிர்பெற்றது. அங்கே 1973இல் புதிய தனிவீடுகளின் சராசரிப் பரப்பு சுமார் 1,660 சதுர அடி. 2015 வாக்கில் அது 2,600ஐத் தாண்டியது. குடும்பங்கள் சுருங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் வீடுகள் வீங்கின. 1998இல் சாரா சுசான்கா எழுதிய நூலும், 1999இல் ஜே ஷேஃபர் சக்கரத்தின் மேல் கட்டிக்கொண்ட நூறு சதுர அடிக்கும் குறைவான வீடும் மாற்றுக் குரல்களாக எழுந்தன. 2008 நிதி நெருக்கடியில் கடனால் வீடிழந்தவர்களைப் பார்த்தபின் அந்தக் குரல்களுக்குக் காது கிடைத்தது. சக்கரம் வைத்தது அழகுக்காக மட்டும் இல்லை. பல ஊர்களின் கட்டட விதிகள் அவ்வளவு சிறிய வீட்டை அனுமதிக்கவில்லை. வண்டி என்று சொல்லித்தான் நிறுத்த முடிந்தது. 400 சதுர அடிக்குள் அமையும் வீடுகளுக்கென்று மாதிரிக் குடியிருப்பு விதிகளில் தனிப் பின்னிணைப்பு 2018இல்தான் சேர்ந்தது.

இந்த நிலைப்பாட்டின் கவர்ச்சி உண்மையானது. கடன் குறையும், பொருள் சேர்க்கும் ஆசை மட்டுப்படும், பராமரிப்பு அரை நாளில் முடியும். சுற்றுச்சூழல் வாதத்துக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் மரியா சாக்ஸ்டன் 2019இல் முடித்த ஆய்வில், சிறுவீட்டுக்கு மாறிய 80 பேரின் சூழலியல் தடம் சராசரியாக 45 சதவீதம் அளவுக்குக் குறைந்திருந்தது. ஆனால் அவர்கள் தாங்களே விரும்பி மாறியவர்கள். வீடு அவர்களை மாற்றியதா, ஏற்கெனவே மாறியவர்கள்தான் அந்த வீட்டுக்குப் போனார்களா என்று பிரிப்பது எளிதில்லை. தனித்து நிற்கும் சிறிய வீட்டுக்குப் பரப்பை ஒப்பிடும்போது வெளிச்சுவர் அதிகம் என்பதும் கவனிக்க வேண்டியது. சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும் அடுக்ககம் வெயிலையும் குளிரையும் பல சமயம் இதைவிட நன்றாகத் தாங்கும். பரணில் படுக்கை, அதற்கு ஏணி என்ற அமைப்பு முப்பது வயதுக்குப் பொருந்தும், எழுபதுக்குப் பொருந்தாது.

சமையலறையில் கடிகாரம்

இரண்டாவது பதில் பொறியியல் மொழியில் வந்தது. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மன் நகரங்களில் வீட்டுப் பஞ்சம். பிராங்க்ஃபர்ட் நகரில் எர்ன்ஸ்ட் மேய் தலைமையில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வீடுகள் கட்டப்பட்டன. 1929 அக்டோபரில் நவீனக் கட்டடக் கலைஞர்களின் பன்னாட்டு மாநாடு அங்கேயே கூடி, ‘குறைந்தபட்ச வாழ்வுக்கான குடியிருப்பு’ என்பதைத் தலைப்பாக எடுத்துக்கொண்டது. ஒரு மனிதருக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு வெளிச்சம், எத்தனை எட்டு நடை வேண்டும் என்று கணக்கிட்டால் சிறிய வீட்டையும் கண்ணியமான வீடாக்கலாம் என்று அவர்கள் நம்பினார்கள்.

இந்த நம்பிக்கை நல்லபடி உருப்பெற்ற இடம் 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த பிராங்க்ஃபர்ட் சமையலறை. 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், அதாவது எழுபது சதுர அடி. ரயிலின் உணவுப் பெட்டியில் அத்தனை குறுகிய இடத்தில் நூறு பேருக்கு எப்படிச் சமைக்கிறார்கள் என்று பார்த்தார். பெண்கள் வேலை செய்யும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்தார். அரிசிக்கும் சர்க்கரைக்கும் கைப்பிடி வைத்த அலுமினியப் பெட்டிகள், சுவரில் மடக்கிவைக்கும் இஸ்திரிப் பலகை, குப்பை தள்ளுவதற்கு மேசையிலேயே ஒரு துளை என்று ஒவ்வொன்றுக்கும் இடம் குறித்தார். சுமார் பத்தாயிரம் வீடுகளில் இது பொருத்தப்பட்டது. இன்று நம் அடுக்ககங்களில் ‘மாடுலர் கிச்சன்’ என்று விற்கப்படுவதன் முன்னோடி இதுதான்.

குறையும் அதே அறையில் இருந்தது. ஒருவர் மட்டுமே நின்று வேலை செய்ய முடியும். பழைய சமையலறையில் அம்மா வேலை பார்க்க, குழந்தை தரையில் விளையாடும், பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்து பேசுவார். புதியதில் பெண் தனியாக அடைபட்டுப் போனாள் என்று பின்னாளில் பெண்ணிய விமர்சகர்கள் எழுதினார்கள். நடையைக் குறைத்தால் உழைப்பு குறையும் என்பது உண்மை. உழைப்பு முழுக்க ஒருத்தியின் தலையில் என்பதை அந்தக் கணக்கு தொடவேயில்லை.

வடிவமைப்பு மரபின் இன்னொரு புகழ்பெற்ற சான்று லெ கொர்பூசியே 1952இல் பிரான்சின் தென்கரையில் தனக்காகக் கட்டிக்கொண்ட மரக்குடில். பக்கத்துக்கு 3.66 மீட்டர், சுமார் 144 சதுர அடி. அளவின் அழகுக்காகப் பாடநூல்களில் இடம்பெறும் இந்தக் குடிலில் சமையலறை கிடையாது. ஒட்டியிருந்த உணவகத்துக்குள் நேராகப் போக ஒரு கதவு இருந்தது. குளிக்கக் கடல் இருந்தது. பாரிஸில் அவருக்கு வேறு வீடும் இருந்தது. இந்தக் கேள்வியை அலசும் எவரும் அந்தக் கதவின் முன் கொஞ்சம் நிற்க வேண்டும். நன்றாக இயங்கும் சிறிய வீடுகளைத் தேடிப் பார்த்தால், அநேகமாக ஒவ்வொன்றும் தனக்கு வெளியே இருக்கும் பெரிய ஏதோ ஒன்றின் மேல் சாய்ந்திருப்பது தெரிகிறது. தமிழில் இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் ஸ்டோர் வீடுகளின் வாழ்க்கையை ‘ஒண்டுக்குடித்தனம்’ என்றுதான் சொன்னோம். எதில் ஒண்டுகிறோம் என்பதைப் பொறுத்தே வாழ்க்கை அமைகிறது.

டோக்கியோவில் கிஷோ குரோகாவா 1972இல் எழுப்பிய நகாகின் கோபுரம் இந்த மரபின் எல்லையைக் காட்டுகிறது. 140 பெட்டிகள், ஒவ்வொன்றும் சுமார் பத்து சதுர மீட்டர். இருபத்தைந்து வருடத்துக்கு ஒருமுறை பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டலாம் என்பது திட்டம். ஒன்றுகூட மாற்றப்படவில்லை. பராமரிக்க ஆளின்றி ஒழுகிப்போய், 2022இல் கட்டடம் பிரிக்கப்பட்டது. யாருக்குச் செலவு, யார் முடிவெடுப்பது என்பது தீராவிட்டால் அருமையான வடிவமைப்பும் முதுமையைத் தாங்காது.

இதற்குக் கீழே கூடாது

மூன்றாவது நிலைப்பாடு நோயிலிருந்து பிறந்தது. நியூயார்க்கின் வாடகைக் குடியிருப்புகளை ஜேக்கப் ரீஸ் படம்பிடித்து 1890இல் வெளியிட்ட நூல், வெளிச்சமில்லாத அறைகளில் காசநோயோடு வாழ்ந்தவர்களை நடுத்தர வர்க்கத்தின் கண்முன் நிறுத்தியது. 1901இல் வந்த சட்டம் அறைக்கு ஜன்னலும் குடித்தனத்துக்குக் கழிப்பறையும் கட்டாயமாக்கியது. பிரிட்டனில் 1961இல் வந்த பார்க்கர் மோரிஸ் அறிக்கை இன்னொரு படி மேலே போனது. அறைக்கு இத்தனை அடி என்று சொல்வதற்கு முன், வீட்டில் மக்கள் என்னென்ன செய்கிறார்கள், அதற்கு எந்த மேசை நாற்காலி வேண்டும், அதைச் சுற்றி நடக்க எவ்வளவு இடம் என்று கேட்டது. திருக்கோவலூர் இடைகழியின் அளவுகோல்தான் அது, ஓர் இரவுக்கான கணக்கை வாழ்நாளுக்கு நீட்டியது போல. அந்தத் தரம் 1980இல் கைவிடப்பட்டது. 2015இல் வந்த தேசிய அளவுத்தரம் ஒருவருக்கான வீட்டுக்கு 37 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 400 சதுர அடி என்று வைத்தது.

இந்த வாதத்துக்கு அடியில் இருக்கும் அறிவியல் எவ்வளவு உறுதியானது? இங்கே நிதானம் வேண்டும். நெரிசலைக் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டுதல்களில் அழுத்தமாகவே பரிந்துரைக்கிறது. காசநோய் போன்ற தொற்றுகளில் தொடர்பு தெளிவாக இருக்கிறது. மனநலம், குடும்ப உறவு, குழந்தைகளின் படிப்பு என்று வரும்போது படம் சிக்கலாகிறது. ஜான் கால்ஹூன் எலிகளை நெருக்கிவைத்து 1962இல் எழுதிய கட்டுரை மனித நகரங்களைப் பற்றிய பயமாகப் பரவியது. எலியிலிருந்து மனிதருக்குத் தாவுவது தவறு என்று பின்வந்தவர்கள் பலர் காட்டினார்கள். பிரெஞ்சுச் சமூகவியலாளர் ஷோம்பார் தெ லோவ் தொழிலாளர் குடும்பங்களை ஆராய்ந்து, ஒருவருக்கு 8 முதல் 10 சதுர மீட்டருக்குக் கீழே இடம் போனால் உடல், சமூகக் கோளாறுகள் இருமடங்காவதாகச் சொன்னார். 14 சதுர மீட்டருக்கு மேலே போனபோதும் கோளாறுகள் கூடின என்பதையும் அவரே பதிவு செய்தார்.

ஹாங்காங் குடும்பங்களைப் பற்றி ராபர்ட் மிட்செல் 1971இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் யோசிக்க வைப்பது. நெருக்கம் மட்டுமே மனத்தைப் பெரிதாகப் பாதிப்பதாக அவர் காணவில்லை. உறவில்லாத இன்னொரு குடும்பத்தோடு ஒரே வீட்டைப் பங்கிட்டு, அதுவும் எளிதில் இறங்கிப் போக முடியாத மேல்மாடியில் இருப்பதுதான் பாதித்தது. அத்தோடு, இடமில்லாத வீட்டிலிருந்து பிள்ளைகள் வெளியே போய்விடுவதால் அவர்கள் மேல் பெற்றோரின் கண் குறைந்தது.

இந்த ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது ஒரு குழப்பம் விலகுகிறது. சிறிய வீடு வேறு, நெரிசல் வேறு. முந்நூறு சதுர அடியில் ஒருவர் இருப்பதும் ஏழு பேர் இருப்பதும் ஒரே பிரச்சினை இல்லை. பொது விவாதத்தில் ஒன்றைப் புகழ இன்னொன்றை மறைப்பதும், ஒன்றைக் கண்டிக்க இன்னொன்றைக் காட்டுவதும் இருபுறமும் நடக்கிறது.

வாடகைக் கணக்கு

அளவுத்தரத்தை எதிர்ப்பவர்களின் வாதம் எளிமையானது. குறைந்தபட்சத்தை உயர்த்தினால் வீட்டின் விலை உயரும். அந்த விலை கொடுக்க முடியாதவர் தரத்துக்குக் கீழே, சட்டத்தின் கண் படாத இடத்துக்குத் தள்ளப்படுவார். இதில் உண்மை இருக்கிறது. அமெரிக்க நகரங்களில் ஒற்றையறை விடுதிகள் ஒழிக்கப்பட்டபோது, அவற்றில் இருந்த தனியாட்களில் பலர் தெருவுக்கு வந்தார்கள்.

ஆனால் எதிர்த்திசையில் இந்த வாதம் நிரூபணமாகவில்லை. சிறிதாகக் கட்ட அனுமதித்தால் மலிவாகும் என்ற உத்தரவாதம் கிடையாது. நியூயார்க்கில் அளவு விதியைத் தளர்த்தி 2016இல் திறந்த கார்மெல் பிளேஸ் கட்டடத்தில் 55 வீடுகள், 260 முதல் 360 சதுர அடி வரை. சலுகை வாடகை இல்லாத வீடுகளுக்கு மாதம் 2,500 டாலருக்கும் மேல் கேட்டார்கள். ஹாங்காங்கில் அடுக்ககங்களைத் தடுத்துப் பிரித்த அறைகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். ஒருவருக்குக் கிடைக்கும் இடத்தின் இடைநிலை அளவு சுமார் 6 சதுர மீட்டர். மொத்த வாடகை குறைவாகத் தோன்றினாலும், சதுர அடிக்கு என்று வகுத்தால் பெரிய வீட்டில் இருப்பவரைவிட இவர்கள் கூடுதலாகவே கொடுப்பது வழக்கம். அங்கே அரசு 2024இல் இத்தகைய அறைகளுக்கு 8 சதுர மீட்டர் குறைந்தபட்சம் என்று அறிவித்தபோது, அதற்குக் கீழே இருப்பவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வியே முதலில் எழுந்தது.

வாசலுக்கு வெளியே

இந்தியச் சூழலிலிருந்து எழுந்த தனித்த பதில் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியாவுடையது. நம் தட்பவெப்பத்தில் வானம் பார்த்த இடமும் ஓர் அறைதான் என்றார் அவர். உள்ளே ஓர் அறை, வெளியே வாசற்படி, அதற்கப்பால் குழாயடி, அதற்கும் அப்பால் மைதானம் என்று வீடு படிப்படியாக விரிகிறது. ஒன்று சுருங்கினால் இன்னொன்று ஈடுசெய்யும். திண்ணை, ரேழி, முற்றம், மொட்டை மாடி என்று வாழ்ந்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மும்பையில் 1920களில் கட்டிய பி.டி.டி. சால் என்ற குடியிருப்புகளில் அறைக்கு 160 சதுர அடி, மாடிக்குப் பொதுக் கழிப்பறை. அந்த அறைகளில் தலைமுறைகள் தாக்குப்பிடித்ததற்கு நீண்ட பொது நடைவழிக்குப் பெரும் பங்கு உண்டு. வத்தல் காய்ந்தது அங்கே, பிள்ளைகள் படித்தது அங்கே, இரவில் ஆண்கள் பாய் விரித்ததும் அங்கே. இப்போது அதே குடும்பங்களுக்கு 500 சதுர அடியில் அடுக்குமாடி வீடுகள் தரப்படுகின்றன. இடம் மூன்று மடங்கு. தனிக் கழிப்பறை என்பது சாதாரண விஷயமில்லை. விடியுமுன் வரிசையில் நின்ற பெண்களைக் கேட்டால் தெரியும். ஆனால் நடைவழி போய்விடுகிறது, கதவுகள் மூடிக்கொள்கின்றன.

கொரியாவின் பார்வை எனக்கு மிக நெருக்கமானது. ஆயினும் அதில் ஓர் ஓட்டை இருப்பதைச் சொல்லாமல் விட முடியாது. வெளியே விரியும் அந்த வீடு பெரும்பாலும் ஆணுக்கே விரிகிறது. புழுக்கமான இரவில் அப்பாவும் அண்ணனும் தெருவில் கட்டில் போட்டுக்கொள்ளலாம். புதிதாகக் கல்யாணமான பெண், பிள்ளை பெற்றவள், வயதுக்கு வந்தவள், படுக்கையில் கிடக்கும் பாட்டி ஆகியோருக்கு உள்ளறை மட்டுமே வீடு. ஒற்றை அறையில் உடை மாற்ற, மற்றவர்கள் திரும்பி நிற்க வேண்டும் அல்லது வெளியேற வேண்டும். சதுர அடிக் கணக்கின் மிகக் கூர்மையான முனை அங்கேதான் குத்துகிறது.

லயக் காம்பரா

தமிழரைப் பொறுத்தவரை சிறிய வீட்டின் மிக நீண்ட, மிகக் கடினமான வரலாறு இலங்கை மலையகத்தில் இருக்கிறது. காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுவரப்பட்டவர்களுக்குக் கட்டிய லயங்களில் ஒரு காம்பரா என்பது பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் இஸ்தோப்பு என்ற ஒடுங்கிய தாழ்வாரம். முதுகோடு முதுகாக இரட்டை வரிசையில் கட்டிய லயத்தில் பின்சுவரில் ஜன்னலுக்கே வழியில்லை. அடுப்புப் புகை கதவு வழியாகத்தான் போக வேண்டும். மகனுக்குக் கல்யாணம் ஆனால் இஸ்தோப்பை மறைத்து ஓர் அறையாக்குவார்கள், அல்லது சேலையைக் குறுக்கே கட்டுவார்கள்.

பரப்பை மட்டும் பார்த்தால் 120 சதுர அடி. தோரோவின் வீட்டைவிட முப்பது சதுர அடிதான் குறைவு. கொர்பூசியேயின் குடிலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் சிறியது. ஆனால் யாரும் இவற்றை ஒன்றென்று சொல்ல மாட்டார்கள், ஏன் என்று யோசிப்பதில்தான் இந்த விவாதத்தின் சாரம் இருக்கிறது. லயத்தில் இருந்தவர் ஒருவரில்லை, குடும்பம். சுவர் அவருடையதில்லை, தோட்டத்துடையது. ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டியிருந்தது. வேலையும் வீடும் ஒரே முடிச்சு. கொழுந்து பறிக்க யாருமில்லாத குடும்பத்துக்குக் காம்பராவில் இருக்கும் உரிமை கேள்விக்குள்ளானது. பல லயங்களுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்துதான் கைக்கு வரும். 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தபோது, எந்தச் சரிவில் இருப்பது என்பதைக்கூட அங்கே வாழ்ந்தவர்கள் தேர்ந்தெடுத்திருக்கவில்லை என்பது உலகுக்குத் தெரிந்தது.

ஆகவேதான் மலையகத்தில் எழுந்த கோரிக்கை பெரிய அறை வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. தனி வீடு, ஏழு பேர்ச் அளவுக் காணி, அதற்கு உறுதிப் பத்திரம் என்று அது விரிந்தது. இந்திய உதவியில் அங்கே கட்டப்படும் வீடுகள் 550 சதுர அடி. அந்த எண்ணைவிடவும் காணிக்கான பத்திரம் முக்கியம் என்று அங்குள்ளவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதை ஆய்வாளர்கள் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

வளரும் வீடு

பத்திரம் கையில் இருந்தால் வீடு வளரும். இதையே கொள்கையாக்கியவர்கள் இன்னோர் அணி. ஜான் டர்னர் பெரு நாட்டின் குடிசைப் பகுதிகளைப் பார்த்து, வீடு என்பது முடிந்த பொருளில்லை, நடந்துகொண்டிருக்கும் செயல் என்று வாதிட்டார். இந்தூரில் பாலகிருஷ்ண தோஷியின் ஆரண்யா திட்டம் மிகச் சிறிய மனையாக 35 சதுர மீட்டரில் அடித்தளமும் கழிப்பறையும் தந்து, மீதியைக் குடும்பத்திடம் விட்டது. சிலியின் இகீக்கே நகரில் அலெஹாந்த்ரோ அராவேனா பாதி வீட்டைக் கட்டி, பக்கத்தில் அதே அளவுக்கு வெற்றிடம் விட்டார். முழுச் சின்னதைவிடப் பாதி நல்லது மேல் என்பது அவர் கணக்கு.

இந்தப் பதிலுக்கு மிக நல்ல சாட்சி சென்னையிலேயே இருக்கிறது. உலக வங்கி உதவியோடு 1970களின் இறுதியில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் சிறுமனைகளும் அடிப்படை வசதிகளும் கொண்ட குடியிருப்புகள் பிரிக்கப்பட்டன. தொடக்கத்தில் வெறிச்சோடிக் கிடந்ததால் இவ்வகைத் திட்டங்கள் தோல்வி என்று எழுதப்பட்டு, வங்கியே 1990களில் கைவிட்டது. இருபது வருடம் கழித்து மும்பையிலும் சென்னையிலும் திரும்பிப் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள், பல வருமானத்தாரும் கலந்து வாழும் உயிர்ப்பான பகுதிகளாக அவை வளர்ந்திருப்பதை 2018இல் பதிவு செய்தார்கள். சிறிய மனையில் ஓர் அறை எழும்பி, பிறகு மாடி எழும்பி, கீழே கடை வந்திருந்தது.

அடுக்குமாடி மறுகுடியமர்வில் இது சாத்தியமில்லை. சென்னைப் புறநகரின் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் வீடுகளின் பரப்பைப் பற்றி நிறையப் பேசப்பட்டிருக்கிறது. காலப்போக்கில் பரப்பு கூடியும் இருக்கிறது. ஆனால் ஆற்றங்கரையில் குடிசை போட்டிருந்தவர் தான் ஒண்டியிருந்த நகரத்தை இழந்தார். வீட்டு வேலைக்கு நடந்துபோன தூரம் இரண்டு பேருந்துப் பயணமானது. எட்டாவது மாடியில் இட்லிக் கடை போட முடியாது, ஆடு கட்ட முடியாது, மகனுக்கென்று ஓர் அறை எழுப்ப முடியாது. வளரும் வீட்டின் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. மேற்பார்வையின்றி எழும்பும் மாடி எவ்வளவு பத்திரம், காற்றோட்டத்தை அண்டை வீட்டின் புதுச்சுவர் அடைத்துவிட்டால் யார் கேட்பது என்பவற்றுக்கு அந்த அணி தெளிவான பதில் தரவில்லை. மையநகரில் மனைக்கு இடமேது என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது.

இன்னும் தீராதவை

இத்தனை பதில்களையும் பார்த்தபின் ஓரளவு துணிந்து சொல்லக்கூடியது இது. பரப்பு ஒன்றே சிறிய வீட்டின் தரத்தைத் தீர்மானிப்பதில்லை. எத்தனை பேர், விரும்பி வந்தார்களா, போக வேறிடம் உண்டா, வீடு யார் பெயரில் இருக்கிறது, கதவைத் திறந்தால் என்ன இருக்கிறது என்பவை சேர்ந்தே தீர்மானிக்கின்றன. அதற்காக அளவுத்தரமே வேண்டாம் என்று முடிவுகட்டுவது ஆபத்து. தரம் இல்லாத இடத்தில் பேரம் பேச முடியாதவரே முதலில் நசுங்குகிறார்.

தெரியாதவை இன்னும் பல. நெரிசலில்லாத, ஆனால் மிகச் சிறிய வீட்டில் வளர்ந்த பிள்ளைகளை நீண்டகாலம் பின்தொடர்ந்த ஆய்வுகள் குறைவு. வறுமையின் விளைவையும் இடமின்மையின் விளைவையும் பிரிப்பது இன்றும் கடினமாகவே இருக்கிறது. இருப்பவற்றிலும் பெரும்பாலானவை குளிர்நாடுகளைப் பற்றியவை. மே மாத வெயிலில் கான்கிரீட் கூரைக்குக் கீழே முந்நூறு சதுர அடியில் இரவு எத்தனை மணிக்குத் தூங்க முடிகிறது என்பதை அவை அளக்கவில்லை. கதவும் ஜன்னலும் எந்தத் திசை பார்க்கின்றன என்பது பரப்பைவிட அங்கே பெரிதாகக்கூட இருக்கலாம். முதியவர் தனியாக வாழும் வீடுகள் பெருகும்போது சிறிய வீடு வரமாகுமா, சிறையாகுமா என்பதும் திறந்தே இருக்கிறது.

பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2015இல் நகரத்தில் எளியோருக்கு 30 சதுர மீட்டர் வரை என்று அளவு வைத்தது; கிராமத்தில் 25 சதுர மீட்டர் என்று வைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடி என்கிறது. எண்கள் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துவருகின்றன, அது நல்லது. இந்த வீடுகளுக்கு வானம் தோண்டும் நாளில் இன்னும் ஒரு கேள்வி மீதியிருக்கிறது. மேலே ஒரு தளத்தைத் தாங்கும்படி அஸ்திவாரம் போடுகிறார்களா? பதினைந்து வருடம் கழித்து மகள் தன் குழந்தையோடு திரும்பி வந்தால், மாடிக்கு ஏறப் படிக்கட்டு எந்தப் பக்கம் வரும் என்று யாராவது கயிறு பிடித்துப் பார்த்திருக்கிறார்களா?